தலைவலிக்குச் செருப்பு

சொர்ணத்துக்கு அவள் மூக்குதான் எதிரி. மழைக்கு முன்னால் எல்லோருக்கும் மண் மணக்கும் என்றால், அவளுக்கு அடுத்த தெருவில் எவன் வீட்டுச் சாக்கடை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும். பிறந்ததோ வாணியம்பாடி. தோல் பதனிடுகிற ஷாப்புகளில் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுகிற நாட்களில் ஊரே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் மறந்துபோய்ச் சோறு தின்னும். சொர்ணத்தால் மறக்க முடியாது. பெரியவளான வருஷமே அவளுக்கு ஒத்தத் தலைவலி வந்துவிட்டது. முதலில் கண்ணோரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்சம் நெளியும். அது மெதுவாகப் பரவி அணைந்ததும் ஒரு பக்க மண்டையில் உலக்கை விழும். வாந்தி எடுத்து, இருட்டில் சுருண்டு கிடந்து, மறுநாள் எழுந்தால் துவைத்துப் போட்ட துணி மாதிரி இருப்பாள்.

பதினேழு வயதில் ஒரு தடவை அந்த வெளிச்சம் வந்தது. பின்னால் தலைவலியும் வந்தது. அதோடு நிற்காமல் கை கால் விறைத்து வெட்டி இழுத்தது. அம்மா ஓடிப்போய் முதலில் தெருக்கதவைச் சாத்தினாள். பிறகுதான் மகளிடம் வந்தாள்.

"யாராச்சும் கேட்டா ஒத்தத் தலைவலின்னு சொல்லு. வேற வார்த்தை உன் வாயில வரக்கூடாது."

முழுப் பொய்யும் இல்லை. தலைவலி இருந்தது உண்மைதானே. அந்த அரை உண்மையை மடியில் கட்டிக்கொண்டுதான் தொண்ணூற்றிரண்டில் சொர்ணம் பெங்களூருக்கு வாக்கப்பட்டாள்.

புருஷன் சிவசங்கரன் காக்ஸ் டவுனில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்தான். அதிர்ந்து பேசாத மனுஷன். யாராவது ஒரு முடிவு சொன்னால் தலையாட்டுவான். இரண்டு பேர் இரண்டு முடிவு சொன்னால் பல் விளக்கப் போய்விடுவான். வீடு ஜீவனஹள்ளியில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஆறு குடித்தனம் இருக்கிற வட்டாராவில். மாமியார் சந்திரம்மா, கல்லூரிக்குப் போகிற நாத்தனார் வைஷ்ணவி, இவர்கள் இரண்டு பேர். மாமனார் முன்பே காலமாகிவிட்டார். சொர்ணம் வீட்டிலிருந்தபடியே சேலைக்கு ஃபால் அடித்தாள். சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை சேலை கொடுக்கும். தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவாள்.

அப்படிப் போன ஒரு நாள்தான் குட்டு உடைந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் இருக்கும். சேலைகளைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது கண்ணோரத்தில் ரம்பப் பல் தெரிய ஆரம்பித்தது. வழியில் கறிக்கடைகள். குடல் கழுவிய தண்ணீர் ரோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எவனோ டீசல் புகையை அவள் முகத்தில் விட்டு பஸ்ஸைத் திருப்பினான். அதுவரைதான் ஞாபகம்.

மறுபடி அவளுக்குத் தெரிந்த முதல் விஷயம் ஒரு செருப்பு. முகத்துக்கு நேரே என்று சொல்லக்கூடாது, முகத்தின் மேலேயே. மூக்கும் மேலுதடும் அதற்குள் அமுங்கியிருந்தன. வியர்வை, சாணி, மீன் தண்ணீர், ஊர் பேர் தெரியாத ஒருத்தனுடைய கட்டைவிரல் பதிந்து பதிந்து பளபளத்த பள்ளம், எல்லாம் அவள் உதட்டில். கையைப் பிரித்தால் ஒரு சாவிக்கொத்து. சுற்றிலும் கூட்டம்.

"நான்தாம்மா வச்சேன். வச்சதும் நின்னுடிச்சு பார்," என்றான் செருப்புக்காரன். ஒற்றைக் காலில் நின்றுகொண்டு நன்றியை எதிர்பார்த்தான்.

தானாக நிற்க வேண்டிய நேரத்தில் அது நின்றிருந்தது. பெருமை செருப்புக்குப் போயிற்று. சொர்ணம் அவன் பாதத்திலேயே வாந்தி எடுத்தாள். அந்த நாளில் அவளுக்குக் கிடைத்த ஒரே திருப்தி அதுதான்.

வீட்டில் சந்திரம்மா கூச்சல் போடவில்லை. சத்தம் போட்டால் வட்டாராவுக்குக் கேட்கும். கதவைச் சாத்திவிட்டு அடித்தொண்டையில் பேசினாள். "தலைவலியாம் தலைவலி. காக்கா வலிப்புக்காரிய தலைவலின்னு கட்டிவச்சுட்டாங்களே." அவள் தம்பி உத்தமன் கோர்ட்டு வாசலில் டைப் அடிக்கிறவன். சட்டமெல்லாம் தன் விரல் நுனியில் இருப்பதாக அவனுக்கு நினைப்பு. "அக்கா, இது சட்டத்துலயே இருக்கு. வலிப்பு இருக்கிறத மறைச்சுக் கட்டி வச்சா கல்யாணமே செல்லாதுன்னு வாங்கிடலாம். நீ ம்னு சொல்லு, நான் பாத்துக்கறேன்."

சந்திரம்மா ம் சொல்லவில்லை. ம்ஹும் என்றும் சொல்லவில்லை. செல்லாது என்ற அந்தச் சொல்லை ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி வைத்துக்கொண்டாள். எப்போது வேண்டுமானாலும் எடுத்து நக்கிக்கொள்ளலாம்.

நரம்பு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். டாக்டர் ருக்மிணி நாலு தலைமுறையாக பெங்களூரிலேயே இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்மணி. நடுநடுவே கன்னடம் கலந்து பேசுவார். சொர்ணம் சொன்னதை அவர் ஒருத்தர்தான் கடைசிவரை கேட்டார். வெளிச்சம் எந்தப் பக்கம் வரும், எவ்வளவு நேரம் நிற்கும், பிறகு தலைவலியா, எப்போதாவதுதான் இழுக்குமா என்று நிதானமாக விசாரித்தார்.

"பாரும்மா, ஒத்தத் தலைவலியும் வலிப்பும் வேற வேறதான். ஆனா ஒரே வட்டாராவுல அடுத்தடுத்த வீட்டுல இருக்கிற மாதிரி. ஒண்ணு இருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு இருக்கிறது மத்தவங்களைவிட ஜாஸ்தி. சில பேருக்கு இந்த வீட்டுல ஆரம்பிக்கிற சண்டை அந்த வீட்டுக்குப் போயிடும். உனக்கு அப்படி எப்பவாச்சும் ஆகுது. ரெண்டுக்கும் கேக்கற மாத்திரை ஒண்ணு தரேன். ராத்திரி தூக்கம் கெடக்கூடாது. வாசனை உனக்கு ஆகாதுன்னா அதை விட்டுத் தள்ளியே இரு." பிறகு சிவசங்கரனைப் பார்த்தார். "இழுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, அவ்வளவுதான். சாவி, செருப்பு, வெங்காயம் எதுவும் பேடா, வேண்டவே வேண்டாம்."

சிவசங்கரன் தலையாட்டினான்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்த சந்திரம்மா, "என்ன சொன்னாங்க" என்று கேட்டாள். அவன், "தலைவலியும் வலிப்பும் பக்கத்து பக்கத்து வீடாம். தலைவலி வந்தா வலிப்பா மாறுமாம்," என்றான். எப்போதாவது என்பதை விட்டுவிட்டான். செருப்பையும் விட்டுவிட்டான். அம்மாவிடம் எதிர்த்துச் சொல்ல வேண்டிய சேதி எதுவும் அவன் வாயைத் தாண்டி வந்ததில்லை.

சந்திரம்மா யோசித்தாள். அவள் முட்டாள் இல்லை, அதுதான் தொல்லை. தலைவலிதான் வலிப்பாக மாறுகிறதென்றால், வலிப்பு வரும்வரை எதற்குக் காத்திருப்பது? தலைவலியிலேயே செருப்பைக் காட்டிவிட்டால் அது அந்த வீட்டுக்குப் போகாதல்லவா? நெருப்பு பிடிக்கும் முன்னால் தண்ணீர் ஊற்றுவது மாதிரி. மறுநாளே செத்துப்போன தன் புருஷனின் பழைய தோல் செருப்பில் இடது காலை மட்டும் பரணிலிருந்து இறக்கினாள். ஆம்பளை போட்டதாக இருக்க வேண்டும், கழுவக்கூடாது, இதெல்லாம் அவளுக்குத் தெரிந்த சாஸ்திரம். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஒரு சாக்குப் பையில் அது குடியேறியது.

அன்றிலிருந்து சொர்ணம் நெற்றியைத் தடவக்கூடாது. கண்ணைச் சுருக்கக்கூடாது. ஜன்னலைச் சாத்தச் சொல்லக்கூடாது. சொன்னால் செருப்பு வரும். மழைக்காலத்தில் அதில் பச்சையாகப் பூஞ்சை பிடிக்கும். சந்திரம்மா அதை அப்பளம் காயவைக்கிற மாதிரி முற்றத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிக் காயவைப்பாள். எலி கடித்த ஒரு மூலையைக் கோணி ஊசியால் தைத்துச் சரி பண்ணினாள். பக்கத்துக் குடித்தனத்து ஜோசஃபின் ஒரு நாள் கேட்டாள், "ஏன் சந்திரம்மாக்கா, செத்தவருக்குத் திவசம் குடுக்கிறதுக்கு ஒரு செருப்பு போதுமா?" சந்திரம்மா, "உன் வீட்டு ஊதுவத்திய நான் கேக்கறனா," என்று பதில் சொன்னாள்.

இதில் அசல் கேவலம் என்னவென்றால், ஒத்தத் தலைவலி வந்திருக்கும்போது சொர்ணத்துக்கு மல்லிகைப்பூ வாசனையே அமிலம் மாதிரி இறங்கும். அந்த நேரம் பார்த்து, முப்பது வருஷத்துக் கால் வியர்வை ஊறிய தோலை மூக்கில் வைத்து அழுத்தினால்? குடல் புரண்டு வரும். வாந்தி எடுக்க எடுக்கத் தலை பிளக்கும். ராத்திரி தூக்கம் போகும். டாக்டரம்மா எதையெல்லாம் கூடாது என்றாரோ அதையெல்லாம் அந்தச் செருப்பு ஒண்டியாகச் செய்து முடித்தது. முன்பு எப்போதாவது வந்த இழுப்பு இப்போது அடிக்கடி வந்தது. வரும்போதெல்லாம் சந்திரம்மா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பாத்தியா, செருப்பு வச்சும் இப்படி. வைக்காட்டி என்ன ஆயிருக்கும்?" என்பாள். இந்தக் கணக்குக்கு எங்கே போய் விடை தேடுவது?

அதைக்கூடச் சொர்ணம் ஜீரணித்திருப்பாள். சந்திரம்மாவுக்கு மூட்டு வலி. ஒரு கையால் செருப்பைப் பிடிக்கலாம், திமிருகிற மருமகளின் தலையைப் பிடிக்க முடியாது. தலையைப் பிடித்தவன் சிவசங்கரன். பின்கழுத்தில் உள்ளங்கையை வைத்து, கோழியைப் பிடிக்கிற மாதிரி விரல்களை மடக்கிப் பிடித்துக்கொள்வான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வான். அவன் கையில் எப்போதும் காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் வாசனை அடிக்கும். "கொஞ்சம் பொறுத்துக்க சொர்ணம், அம்மா திருப்திக்கு," என்பான். கல்யாணமான புதிதில் அந்த வார்னிஷ் வாசனை மட்டும் அவளுக்கு ஆகியிருந்தது. உழைக்கிறவன் வாசனை என்று நினைத்திருந்தாள். இப்போது அவன் சாப்பிட வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் அவள் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள்.

ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொன்னாள். "அத்தை, இனிமே அது வேணாம். என்னால முடியல."

"வேணாம்னா பொட்டியக் கட்டு. உத்தமன் எப்ப எப்பன்னு உக்காந்திருக்கான். தோல் ஊர்ல பொறந்தவளுக்குச் செருப்பு நாத்தம் புதுசாக்கும்."

பெட்டி கட்டினால் எங்கே போவது? அப்பா போய்விட்டார். அம்மா தம்பி வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். செல்லாத கல்யாணத்தோடு ஒரு வலிப்புக்காரியாகத் திரும்பிப் போனால் தெருக்கதவை இந்தத் தடவை அவளை வெளியே வைத்துச் சாத்துவார்கள். அவளுக்கு அது தெரியும். ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையை மட்டும் ஒரு வேளை விடாமல் போட்டுக்கொண்டாள். அந்த மாத்திரையால் தலைமுடி கொட்டியது. சீப்பைப் பார்த்து முகம் சுளிப்பதற்கும் சந்திரம்மா இருந்தாள்.

வைஷ்ணவிக்குத் தலைவலி ஆரம்பித்தது தொண்ணூற்றேழு வாக்கில். படிப்பு முடிந்து கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். முதலில் கண்ணாடி போட்டார்கள், சரியாகவில்லை. ஒரு நாள் அவள் சமையற்கட்டுக்கு வந்து, தோசைக்கல்லின் முன்னால் நின்றிருந்த சொர்ணத்திடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி, கண்ணுல ஏதோ மினுக்கு மினுக்குன்னு வளைஞ்சு வளைஞ்சு போகுது. உங்களுக்கும் இப்படித்தானே?"

சொர்ணம் அடுப்பை அணைத்தாள். "பயப்படாத. போய் ஜன்னலைச் சாத்திட்டுப் படு. யார்கிட்டயும் பேசாத. வாந்தி வந்தா எடுத்துடு."

"எனக்கும் வலிப்பு வருமா அண்ணி?"

"தெரியாது. முக்காவாசிப் பேருக்கு வராதாம். டாக்டரம்மாகிட்ட நான் கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிக்கொண்டு போகவிடவில்லை. பெண்ணை நரம்பு ஆஸ்பத்திரி வாசலில் யாராவது பார்த்துவிட்டால்? சந்தாபுராவிலிருந்து அப்போதுதான் ஒரு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை ஹரிஷ்குமார், கம்பெனி வேலை, சொந்த வீடு. சந்திரம்மா வேறொரு முடிவுக்கு வந்தாள். இந்தச் சனியன் மருமகள் மூலமாகத்தான் வீட்டுக்குள் வந்தது. ஒரே சீப்பு, ஒரே தலையணை உறை, ஒரே சொம்பு. சொர்ணத்துக்குத் தனித் தட்டும் தனிப் பாயும் வந்தன. தட்டு வெளியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும், நாய்க்கு வைக்கிற மாதிரி. பிறகு அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தார்கள். நிச்சயம் முடிகிறவரைக்கும் சொர்ணம் வாணியம்பாடியில் இருக்கட்டும். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"அப்புறம்னா எப்ப?" என்று சொர்ணம் புருஷனைக் கேட்டாள்.

"அம்மா சொல்றாங்கல்ல, அப்புறம்னு."

உத்தமன் வெள்ளிக்கிழமையே வந்து ஏதோ காகிதத்தில் அவளிடம் கையெழுத்துக் கேட்டதை அவனிடம் அவள் சொல்லவில்லை. அது அவனுக்கு முன்பே தெரியும் என்பதை அவள் கண்டுகொண்டாள். அவள் முகத்தில் அதைப் பார்த்ததும் அவன் பல் விளக்கப் போனான். மத்தியானம் பல் விளக்குகிற மனுஷனை ஜீவனஹள்ளியில் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை. சொர்ணத்தின் பெட்டி வாசலருகே நின்றது. மதியம் ரயில். சிவசங்கரன் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளறையில் வைஷ்ணவிக்குத் தலைவலி வந்துவிட்டது. சந்திரம்மா ஓடினாள். ஜன்னலைச் சாத்தினாள். மேலே துணி போட்டு இருட்டாக்கினாள். பக்கத்துக் குடித்தனத்தில் மீன் வறுபட்டுக்கொண்டிருந்தது. முற்றத்துக்குப் போய், "ஜோசஃபின், கொஞ்சம் அந்தச் சட்டிய எறக்கும்மா, கொழந்தைக்கு வாசனை ஆகல," என்று கெஞ்சினாள். திரும்பி வந்து மகளின் நெற்றியில் ஈரத்துணி வைத்தாள். கால் விரல் நுனியில் நடந்தாள். சொடக்குப் போடுகிற சத்தம்கூட அந்த வீட்டில் இல்லை.

சொர்ணம் வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள். அத்தனை வருஷமாகத் தனக்கு என்ன செய்திருக்க வேண்டும் என்பது இந்தக் கிழவிக்குத் தெரிந்தே இருக்கிறது. ஒவ்வொன்றும் தெரிந்திருக்கிறது. குளியலறைக்குப் போனாள். சாக்குப் பையைப் பிரித்தாள்.

உள்ளறை நிலைப்படியைத் தாண்டவில்லை. அந்த நாற்றம் படுத்திருக்கிற பெண்ணுக்கு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாதா? நிலைக்கு வெளியிலேயே நின்று, செருப்பைத் தன் முதுகுப்பக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, கொஞ்சம் வெளியே வாங்க." சந்திரம்மா வந்தாள். சொர்ணம் கையை முன்னால் நீட்டினாள். "இந்தாங்க. மறந்துட்டீங்க."

"என்னாடி இது?"

"தலைவலி வந்தா வலிப்பா மாறும். மாறுறதுக்கு முன்னாடி வச்சுடணும். நீங்க சொன்னதுதானே?"

"அவளுக்கு வெறும் தலைவலிடி."

"எனக்கும் முக்காவாசி நேரம் வெறும் தலைவலிதான் அத்தை." அவள் குரல் உயரவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, வாங்க. அத்தைக்குக் கையில வலு இல்ல. நீங்கதானே கழுத்தப் பிடிக்கிறவரு. உங்க தங்கச்சி கழுத்தப் பிடிங்க."

சிவசங்கரன் சட்டையில் கடைசிப் பொத்தானோடு நின்றான். அறைக்குள் பார்த்தான். வைஷ்ணவி சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டிருந்தாள். பின்கழுத்து மட்டும் தெரிந்தது, ஒல்லியாக, வியர்த்து. அவன் தன் வலது கையைப் பார்த்தான். அதைச் சட்டையில் துடைத்தான். மறுபடி துடைத்தான்.

"பிடிங்க," என்றாள் சொர்ணம். "அம்மா திருப்திக்கு."

அவன் பிடிக்கவில்லை. அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாதவன் மாதிரி இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனான். உள்ளே இருந்து வைஷ்ணவியின் குரல் வந்தது, தலையணைக்குள் பேசுகிற மாதிரி. "அம்மா, அண்ணியப் போகச் சொல்லாத. என்னை டாக்டர்கிட்ட அவங்ககூட அனுப்பு."

சந்திரம்மா மருமகளைப் பார்த்தாள். செருப்பைப் பார்த்தாள். "நாறுது, அந்தப்பக்கம் கொண்டுபோ," என்றாள். அத்தனை வருஷத்தில் அது நாறுகிறது என்று அவள் ஒப்புக்கொண்டது அன்றுதான். மன்னிப்பெல்லாம் இல்லை. அந்தக் குடும்பத்தில் மன்னிப்பு என்ற பழக்கமே கிடையாது. சிவசங்கரன் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தான். "ரயிலுக்கு நேரமாச்சு" என்று சந்திரம்மா முணுமுணுத்தபோது, "போகலம்மா," என்றான். எதிர்த்து அவன் பேசிய முதல் சொல் அது. அவ்வளவு சின்னதாக இருந்தது.

வைஷ்ணவிக்கு வெறும் ஒத்தத் தலைவலிதான் என்று டாக்டரம்மா சொன்னார். சந்தாபுராவுக்கு அதைச் சொல்லியேதான் கட்டிக்கொடுத்தார்கள், சொன்னவள் வைஷ்ணவியே. தொண்ணூற்றொன்பதில் அந்தக் கல்யாணச் சட்டத்திலிருந்து வலிப்பு என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். உத்தமன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. சொர்ணத்துக்கு இழுப்பு குறைந்து, பிறகு வருஷக்கணக்கில் வராமலும் இருந்தது. தலைவலி மட்டும் போகவில்லை.

வருகிறபோது இப்போது சிவசங்கரன்தான் ஜன்னலைச் சாத்துகிறான். வாளி கொண்டுவந்து வைக்கிறான். கடையிலிருந்து வந்தால் முதலில் கையை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவுகிறான். எல்லாம் சரியாகத்தான் செய்கிறான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் முறை அவளுக்குத் தலைவலி வந்த அன்று, ஈரத்துணியோடு வந்தவன் அவள் தலையை மெல்லத் தூக்கிவிடலாமென்று பின்கழுத்துக்குக் கீழே கையைக் கொண்டுபோனான்.

"கழுத்தத் தொடாதீங்க," என்றாள்.

"இல்ல, தூக்கி விடத்தான்..."

"தெரியும். தொடாதீங்க."

இரண்டாயிரம் தாண்டியும் அந்தப் பேச்சில் மாற்றமில்லை. அவள் உடம்பு மற்றதையெல்லாம் ஏற்றுக்கொண்டது. அவன் சமைத்த கஞ்சியைக் குடிக்கிறாள், அவனோடு சினிமாவுக்குப் போகிறாள், அவன் சொல்கிற அசட்டு ஜோக்குக்குச் சிரிக்கவும் செய்கிறாள். அந்த ஒரு சாண் இடத்துக்கு மட்டும் அந்தக் கை வந்தால் குமட்டுகிறது. தலைக்கு எண்ணெய் தேய்க்க ஜோசஃபினைக் கூப்பிட்டுக்கொள்கிறாள். சிவசங்கரன் துணியை நெற்றியில் வைத்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்காருகிறான். கொஞ்ச நேரம் கழித்துக் கதவிடுக்கில் குரல் கொடுக்கிறான்.

"காபி போட்டுக்கலாமா, வாசனை ஆகுமா?"

"ஆகாது."

"சரி, நான் கடையில குடிச்சுக்கறேன்."

போகிறான். செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்கிறது. அவள் சுவர்ப்பக்கம் திரும்பி, முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அவன் தெருமுனை தாண்டுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்து வைத்துக்கொள்கிறாள்.